வாய்ப்பாடும் குத்துச்சண்டையும்

1974 அக்டோபரில், காங்கோவின் கின்ஷாசா நகரில் ஹெவிவெயிட் பட்டத்துக்காக ஜார்ஜ் போர்மனும் முகமது அலியும் மோதவிருந்தபோது, ஜெயிப்பது யார் என்று ஊரெல்லாம் ஒரே வாதம். வாதமாவது, வெறும் வாய்ப்பாடுதான்! அலியை பிரேஸியர் ஜெயித்தார், நார்ட்டனும் ஜெயித்தார். பிறகு இருவரையும் அலி ஜெயித்தாரென்றாலும், சிரமப்பட்டுத்தான். அந்த இருவரையும் போர்மன் இரண்டே சுற்றில் சுருட்டிவிட்டார். அப்புறம் அலி எம்மாத்திரம்? வயது வேறு 32, போர்மனுக்கோ 25.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்தக் கணக்கில் நம்பிக்கை வராது. மருமகள் மாமியாருக்கு அடங்குகிறாள்; மாமியார் மாமனாருக்கு; அந்த மாமனாரோ மருமகளிடம் பெட்டிப்பாம்பு!

அலி கயிற்றில் சாய்ந்துகொண்டு அடிகளை வாங்கினார். அடித்து அடித்துக் கை ஓய்ந்த போர்மனை எட்டாவது சுற்றில் சாய்த்தார். அந்த அடிகளை யார் கணக்கில் எழுதினார்களோ! 1984-ல் அலிக்கு நடுக்குவாதம் என்று டாக்டர்கள் சொன்னார்கள்.