தேரிக்காட்டில் ஒரு மோல்டிங் லேப்!

திருச்செந்தூர்லேர்ந்து உடன்குடி பஸ்ஸைப் பிடிச்சா, கொஞ்ச தூரத்துலயே ரெண்டு பக்கமும் பனைமரங்கள். உள்ளே போனா செக்கச்செவேல்னு குதிரைமொழித் தேரி. கருப்பட்டிக்குப் பேர்போன ஏரியா. அப்படியே பாலிமர் பாடமும் நடத்துறாங்க பாஸ்!

சீஸன்ல பனையேறிகள் ஒரே மரத்துல காலையும் மாலையும் ஏறணும். உச்சியில பாளை நுனியை மெல்லிசா சீவினாத்தான் பதநீர் சொட்டும். சீவுற அருவா ஷேவிங் பிளேடு கணக்கா இருக்கும். அதை இடுப்புல கட்டிக்கிட்டு, மரத்தை நெஞ்சோட அணைச்சு ஏறணும். உறை சரியில்லேன்னா தொடை கிழியும். அருவா நழுவினா கீழே நிக்கிறவர் கதி?

இதுக்குன்னே இருந்ததுதான் ‘அருவாப்பெட்டி’.

‘‘அதைச் செஞ்சு தந்த பெரியவரு போய்ச் சேந்துட்டாரு தம்பி. எம் பயலுவ ரெண்டு பேரும் திருப்பூர்ல. இனி யாரு செய்வா?’’ என்ற அண்ணாச்சி, போர் போட்டதில் மிஞ்சிய 63 மி.மீ. பி.வி.சி. பைப்பில் ஒரு துண்டை எடுத்தார். தட்டையாக்கினா சுமார் 10 செ.மீ. அகலம் கிடைக்கும். அருவாவுக்கு அது போதும்.

பதநீர் காய்ச்சுற அடுப்புல இரும்புச் சட்டி. அதுல தேரி மணலை வறுத்தார். பைப்போட ஒரு முனையை அடைச்சு, சுடுமணலை உள்ளே கொட்டினார். கொஞ்ச நேரத்துல பைப் ரப்பர் மாதிரி தொய்ஞ்சிருச்சு. மணலைக் கொட்டிட்டு, பேப்பர் சுத்தின அருவாவை உள்ளே விட்டு, ரெண்டு பலகைக்கு நடுவுல வெச்சு மேலே ஏறி நின்னுட்டார். தண்ணி ஊத்தினதும் செட்!

‘‘நேரா நெருப்புல காட்டலாமே அண்ணாச்சி?’’

‘‘கருகிரும்லா! அந்தப் புகை கண்ணைக் கரிக்கும், பாத்துக்கிடுங்க.’’

கரெக்ட். பி.வி.சி. ஒரு தெர்மோபிளாஸ்டிக். சுமார் 80 டிகிரி செல்சியஸ்ல இளகும், ஆறினா அந்த ஷேப்லயே நிக்கும். ஓவரா சூடாக்கினா ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். மணல்தான் சூட்டை எல்லாப் பக்கமும் சமமா பரப்புது. அமெரிக்காவுல கத்தி உறைக்குப் பயன்படுற ‘கைடெக்ஸ்’ ஷீட்டும் பி.வி.சி.யும் அக்ரிலிக்கும் கலந்ததுதான். அதையும் சூடாக்கி, கத்தி மேல அழுத்தித்தான் வார்க்கிறாங்க.

கடைசியா, அடிமுனையைக் கம்பி போட்டு இறுக்கி, காய்ச்சின ஆணியால ஒரு ஓட்டை. ‘‘பதனி சொட்டு உள்ளே தங்குனா துரு ஏறிரும்.’’ கைடெக்ஸ் உறையிலயும் தண்ணி வடிய இப்படி ஓட்டை உண்டு!

உறையைத் தலைகீழா பிடிச்சு உதறினார். அருவா விழலை. இடுப்புல கட்டிக்கிட்டு மரத்தைப் பார்த்து நடந்துட்டார்.

ஐ.வி.ன்னா பெங்களூர், கோவான்னு கிளம்புற மக்களே... ஏப்ரல், மே மாசத்துல ஒரு தடவை உடன்குடிக்கு டிக்கெட் போடுங்க. பனை நம்ம மாநில மரம். அதுல ஏறத் தெரிஞ்சவங்க இருக்கும்போதே பார்த்துடணும்!