அம்மாவின் மத்தியானமும் ஒரு மீடியா ப்ளேயரும்

வீட்டில் நாஸ் பெட்டி வைத்தாகிவிட்டது, டிவியில் போட்டுப் பார்க்க எந்த ப்ளேயர் வாங்கலாம் என்று ஒரே வாரத்தில் இரண்டு சொந்தக்காரர்கள் கேட்டுவிட்டார்கள். ஒருத்தர் பெங்களூர், இன்னொருத்தர் நியூஜெர்சி. ஆளுக்கு ஒரு முறை வாட்ஸப்பில் தட்டுவதற்குப் பதில் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

(நாஸ் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஹார்ட் டிஸ்க்கை கம்ப்யூட்டரில் செருகாமல் ரவுட்டரோடு சேர்த்து வைத்துவிட்டால், வீட்டில் யார் வேண்டுமானாலும் திறந்து எடுத்துக்கொள்ளலாம். கூட்டுக்குடும்பத்து பீரோ மாதிரி.)

கடைக்காரரும் யூட்யூப்காரரும் 4கே, டால்பி விஷன் என்று மேலேயிருந்து ஆரம்பிப்பார்கள். நான் கீழேயிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். உங்களிடம் இருப்பதிலேயே பழைய ஃபைல் எது? அதை யார் போட்டுப் பார்க்கப் போகிறார்கள்? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். 2021-ல் அப்பா போன பிறகு அம்மா கும்பகோணம் வீட்டைப் பூட்டிக்கொண்டு கொல்கத்தா வந்துவிட்டார். லேக் மார்க்கெட் பக்கம் என்பதால் வாழை இலைக்கும் காப்பிப்பொடிக்கும் குறைவில்லை. மத்தியானம்தான் பிரச்சினை. நான் பேங்குக்கு, தங்கமணி ஆபீசுக்கு, பசங்க ஸ்கூலுக்கு. வேலைக்கு வரும் மாஷியோடு பேச அம்மாவிடம் இருப்பது நாலே நாலு பெங்காலி வார்த்தை. காலை பத்திலிருந்து சாயங்காலம் நாலு வரை வீட்டில் தமிழ் கிடையாது.

அம்மா கேட்பது புதுப்படம் இல்லை. தங்கையின் 1999 கல்யாண விசிடி, மூன்று டிஸ்க். அப்புறம் அப்பா கோயில் கச்சேரிகளில் டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு பதிந்த கேசட்டுகள். ஒவ்வொன்றின் கடைசியிலும் கைதட்டல் அடங்கியதும், அன்றைய தேதி, ஊர், யார் கச்சேரி என்று அப்பாவே மெதுவாகச் சொல்லி நிறுத்துவார். அவர் குரல் எங்களிடம் இருப்பது அங்கே மட்டும்தான். கொல்கத்தா ஈரக்காற்றில் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்திருந்தது. அதனால்தான் நாஸ் பெட்டியே வீட்டுக்கு வந்தது.

சரி, மேட்டருக்கு வருவோம். டிவியிலேயே இருக்கும் ப்ளேயர் போதாதா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். புதுப்படத்துக்குப் போதும். விசிடி என்பது 1993-ல் வந்த தரம், படம் 352க்கு 288 புள்ளிகள், டிஸ்க்குக்கு 74 நிமிஷம். அதிலிருக்கும் .டாட் ஃபைலை எங்கள் டிவி மதிக்கவே இல்லை. மறுபடி என்கோட் செய்யாமல், வெளி உறையை மட்டும் எம்பெக் ஆக மாற்றிய பிறகும் படம் வந்தது, சத்தம் வரவில்லை. கெட்டிமேளமே இல்லாத கல்யாணம்!

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. நம் ஊர் விசிடி, டிவிடி, கல்யாண கேசட் எல்லாம் பெரும்பாலும் பால் முறை, நொடிக்கு 25 ஃப்ரேம். பல பெட்டிகள் டிவிக்கு எப்போதும் நொடிக்கு 60 முறை என்றுதான் அனுப்பும். 60-ஐ 25-ஆல் வகுத்தால் சரியாக வராது. ஆகவே கேமரா பக்கவாட்டில் திரும்பும்போதெல்லாம் படம் தத்தித் தத்திப் போகும். ஃபைலுக்குத் தகுந்தபடி டிவியை 50-க்கு மாற்றத் தெரிந்த ப்ளேயர்தான் வேண்டும். வாங்குமுன் இதைக் கேளுங்கள். கடைக்காரர் முழித்தால் அடுத்த கடை.

நாஸ் பக்கமிருந்தே பிளெக்ஸ், ஜெல்லிஃபின் மாதிரி சர்வர் ஓட்டலாமே என்பார்கள். அட்டைப்படம், நடிகர் பட்டியல் எல்லாம் அழகாக வரும். ஆனால் ப்ளேயருக்குத் தெரியாத ஃபைல் என்றால் சர்வர் அதை ஓட ஓட மாற்றிக் கொடுக்க வேண்டும். சின்ன நாஸுக்கு அங்கேயே மூச்சு வாங்கும். அதோடு பெட்டிக்காரர் தரும் மென்பொருள் எத்தனை நாள் இருக்கும் என்பது அவர் கையில். சைனாலஜி தன் வீடியோ ஸ்டேஷனை 2024-ல் நிறுத்தியது. ஏழு வருஷக் கடன் கேட்டு வருபவரிடம் நாங்கள் ஏழாவது வருஷத்து வருமானத்தைப் பற்றிக் கேட்போம் இல்லையா, பெட்டியிடமும் அதைக் கேட்க வேண்டும்.

பழைய மீடியா பெட்டி பரணில் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் உலகத்தையே ஆட்டிய பிறகு, எஸ்எம்பி-யின் முதல் பதிப்பை எல்லாரும் மூட ஆரம்பித்தார்கள். அந்தப் பழைய பெட்டிகளில் பலவற்றுக்கு அது மட்டும்தான் தெரியும். புது நாஸ் அதன் கண்ணுக்கே தெரியாது. பெட்டிக்காகப் பழைய கதவைத் திறந்து வைக்காதீர்கள்.

கடைசியில் நான் எடுத்தது ராஸ்பெர்ரி பை 4. அதில் லிப்ரெலெக், அதற்குள் கோடி. (2002-ல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காக ஆரம்பித்து, 2014-ல் இந்தப் பெயருக்கு மாறிய இலவச மென்பொருள். பேங்க்காரனுக்கு இலவசமாகக் கிடைத்த ஒரே கோடி இதுதான்.) .டாட் சமாச்சாரம் சத்தத்தோடு ஓடியது, 50-க்கும் மாறியது. ஆனால் என்னை விழவைத்தது வேறு இரண்டு.

ஒன்று ரிமோட். ஹெச்டிஎம்ஐ வயரிலேயே சிஇசி என்று ஒரு வசதி இருப்பதால் டிவி ரிமோட்டே பை-க்கும் போதும். அம்மா கையில் இரண்டாவது ரிமோட் கொடுத்தால் அன்றோடு சரி. முகப்பில் இருந்த மெனுவையெல்லாம் எடுத்துவிட்டு அப்பா கச்சேரி, கல்யாணம், கோயில் என்று மூன்று மட்டும் வைத்தேன்.

இரண்டாவது, காலபைசாகி. சித்திரை வைகாசியில் இங்கே திடீரென்று சுழற்றியடிக்கும் மழைக்காற்று. கரண்ட் போய்ப் போய் வரும். வந்ததும் பை தானே எழுந்துகொள்கிறது. நாஸிலும் கரண்ட் வந்ததும் தானே ஆன் ஆகும்படி அமைப்பு இருக்கிறது, அதை டிக் செய்யுங்கள். சின்ன யுபிஎஸ் ஒன்றும் அவசியம். மத்தியானம் மூன்று மணிக்கு அம்மா எனக்கு ஃபோன் போட்டு "லைட் எரியறது, அப்பா வரலை" என்று சொல்லக்கூடாது பாருங்கள்.

பாட்டு கேட்பவர்களுக்கு: ஒரு பாட்டு தேயும்போதே அடுத்ததைக் கலக்கும் கிராஸ்ஃபேட் எந்த ப்ளேயரில் இருந்தாலும் பூஜ்யத்தில் வையுங்கள். எங்கள் வீட்டில் அது விழுங்குவது சரியாக அந்தக் கடைசிப் பத்து நொடி. ஒரு பெட்டியைத் திருப்பிக் கொடுத்ததே இதற்காகத்தான். அதை அணைக்கும் வழியே அதில் இல்லை.

ஒரு மணி நேர கேசட் சிடி தரத்தில் சுமார் 635 எம்பி வரும், ஃப்ளாக் ஆக்கினால் ஏறக்குறைய பாதி. நாஸில் இரண்டு டிஸ்க் இருப்பது காப்பி ஆகாது. தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்து தாம்பரத்தில் தங்கை வீட்டில் வைத்திருக்கிறேன்.

இன்னும் 31 கேசட் பாக்கி. ஒரு மணி நேர கேசட்டை மாற்ற ஒரு மணி நேரம் ஓடத்தான் வேண்டும். ஞாயிறுக்கு இரண்டு என்று கணக்கு. சாந்தினி சௌக்கில் ஒரு பெரியவர் டெக்குக்குப் புது பெல்ட் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஓடும்போது அம்மா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார், ஊர் பெயரை அப்பாவுக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று.