சபிக்காத சபை

சென்னை மாகாணத்தில் மதுவிலக்குச் சட்டம் முதன்முதலில் நடைமுறைக்கு வந்த மாவட்டம் எங்கள் சேலம். 1937ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் இராஜாஜி அரசு அதனை இங்குத் தொடங்கிற்று. 1997இல் தனி மாவட்டமான நாமக்கல்லும் அன்று சேலத்தோடுதான் இருந்தது. அதன்பின் அச்சட்டம் தளர்ந்ததும் இறுகியதும் உண்டு. 2003 முதல் சில்லறை மதுக்கடைகளை அரசு நிறுவனமே நடத்தி வருகிறது. ஆயின் நமக்கோ பதினான்கு நூற்றாண்டுகளாக மாறாத சட்டம் ஒன்று இருக்கிறது. மது ஹராம். இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை.

அவ்வாறாயின் நம் மகல்லாக்களில் குடிப்பவரே இல்லையா? இருக்கின்றனர். பிறர் வீட்டில் குடி ஒரு துன்பம். நம் வீட்டில் அது துன்பமும் இரகசியமும் ஆகிறது. பெண் கேட்டு வருவோர் அறிந்துவிடுவரோ, ஜமாஅத்தில் தலைகுனிவு நேருமோ என்று வீடு முழுவதும் வாய் மூடிக்கொள்கிறது. அந்த மௌனத்தின் நிழலில் நோய் வளர்கிறது.

எனக்கு நெருங்கிய உறவினர் ஒருவர். முறையைச் சொன்னால் ஆள் தெரிந்துவிடும், ஆகவே சொல்லேன். நாமக்கல்லில் லாரித் தொழில் செய்பவர் என்றால் அது அடையாளமாகாது. அவ்வூரில் அத்தொழில் அவ்வளவு பெரிது. ஆண்டு முழுவதும் குடித்தாலும் ரமளான் பிறை கண்டால் நிறுத்திவிடுவார். ஓர் ஆண்டு அவ்வாறு நிறுத்திய மூன்றாம் நாள் கை நடுங்கிற்று, உறக்கம் அற்றது, இல்லாத உருவங்களைக் கண்டு பிதற்றினார். ஜின் கோளாறு என்று வீட்டார் தாயத்துக்கு அலைந்தனர். சேலத்து மருத்துவர் ஒருவரே உண்மையை விளக்கினார். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் உடல் கொந்தளிக்கும், வலிப்பும் வரலாம், உயிருக்கும் ஆபத்தாகலாம். அந்தச் சில நாட்களை மருத்துவர் கண்காணிப்பில்தான் கடக்க வேண்டும். உடல் தேறியபின் அவரே ஒரு கூட்டத்தின் முகவரியையும் தந்தார்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பது அதன் பெயர், சுருக்கமாக ஏ.ஏ. என்பர். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியால் நொறுங்கிய பில் வில்சன் என்னும் பங்குச்சந்தைக்காரரும் பாப் ஸ்மித் என்னும் மருத்துவரும் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டதில் பிறந்தது. 1957இல் இந்தியாவிலும் தொடங்கிற்று. கட்டணம் இல்லை. குடியை விட வேண்டும் என்னும் விருப்பம் ஒன்றே தகுதி. குடிப்பவரின் குடும்பத்தாருக்கென 1951 முதல் அல்-அனான் என்ற தனி அமைப்பும் உண்டு.

உறவினர் தயங்கினார். “அங்கே நம்மாள் யாராவது என்னைப் பார்த்துவிட்டால்?” என்றார். “அவரும் அதற்காகத்தானே வந்திருப்பார்!” என்றேன். வெளியாரும் அமரக்கூடிய கூட்டம் நடந்த ஒரு நாளில் அவருடன் நானும் சென்றேன். அங்குக் கேட்டவற்றை எழுதேன். சபையில் பேசப்படுவது அமானிதம் என்பது நம் மார்க்கம் கற்பித்த ஒழுக்கம். கூட்டத்தின் முறையை மட்டும் கூறலாம். ஒருவர் தம் பெயரைச் சொல்கிறார்; தம் நிலையைச் சொல்கிறார். யாரும் குறுக்கிடுவதில்லை, ஏளனமும் இல்லை, உபதேசமும் இல்லை. வாழ்நாள் முழுமைக்கும் அவர்கள் சத்தியம் கேட்பதில்லை. இன்று ஒரு நாள் குடியாதிருந்தால் போதும் என்கின்றனர். ஸுபுஹிலிருந்து இஷா வரை ஒரு நாளைக் காத்துக்கொள்வது எவருக்கும் புரியக்கூடிய கணக்கன்றோ!

“தவ்பா இருக்க இக்கூட்டம் எதற்கு?” என்று பெரியவர் ஒருவர் என்னை வினவினார். நியாயமான வினாவே. தொண்ணூற்றொன்பது கொலை செய்தவனின் வரலாற்றை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருப்பதை நாம் அறிவோம். அவன் நூறாவது கொலையும் செய்தபின் ஓர் ஆலிமிடம் வந்தான். தவ்பாவின் வாசல் திறந்திருப்பதாகச் சொன்னதோடு அவர் நிற்கவில்லை. அவனது ஊரை விட்டு நல்லோர் வாழும் ஊருக்குப் போகுமாறும் பணித்தார். திருந்த எண்ணுபவனுக்குத் திருந்தியோரின் துணை வேண்டும் என்பது அதன் பொருள்.

இன்னொரு நிகழ்ச்சி ஸஹீஹுல் புகாரியில் உண்டு. குடித்ததற்காகப் பன்முறை தண்டனை பெற்ற தோழர் ஒருவரை மற்றொருவர் சபித்தார். அண்ணலார் அதனைத் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சான்றும் பகர்ந்தார்கள். சட்டம் நின்றது, தண்டனையும் நிகழ்ந்தது, எனினும் அம்மனிதர் சபையிலிருந்து தள்ளப்படவில்லை. நாமோ சட்டத்தைப் பற்றிக்கொண்டோம். அந்த அரவணைப்பைக் கைநழுவ விட்டோம்.

உறவினர் அதன்பின் ஒரு ரமளானைக் கடந்தார். அதனினும் கடினமான பெருநாள் மாலையையும் கடந்தார். அல்ஹம்துலில்லாஹ்.

இத்துன்பம் உள்ள குடும்பத்தார் முதலில் மருத்துவரை நாடுக. நடுவண் அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14446 இதற்கென்றே உள்ளது. ஜமாஅத் பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாலை வேளையில் பூட்டிக் கிடக்கும் மதரஸா அறை ஒன்றை வாரம் ஒருமுறை இத்தகைய கூட்டத்திற்குத் திறந்துவிடலாகாதா? வெளியார் நன்கொடையை அவர்கள் ஏற்பதில்லை; வாடகையையும் தாமே தருவர். நாம் தர வேண்டியது ஒரு திறவுகோல். அதனோடு, யார் வந்தார் யார் போனார் என்று எட்டிப் பாராத கண்ணியம்.