ஊறுகாயும் உப்பினகாயும்

தமிழில் ஊறுகாய், கன்னடத்தில் உப்பினகாயி. பொருள் ஒன்றே. தமிழ், காய் ஊறிக் கிடக்கும் செயலைக் கொண்டு பெயரிட்டது. கன்னடம், அதில் இடப்படும் உப்பைக் கொண்டு பெயரிட்டது. ஊறுகாய் என்பது வினைத்தொகை. ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என முக்காலமும் அதனுள் அடங்கும் என்பது பள்ளி இலக்கணப் பாடம். பெங்களூரு பசவனகுடியில், ஓர் அடுக்குமாடி வீட்டில், இந்த இரு சொற்களும் சென்ற கோடையில் ஒரு வழக்குக்கே இடம் தந்தன.

வழக்கின் நாயகி எழுபத்திரண்டு வயது மூதாட்டி. கும்பகோணத்தில் பிறந்து, அங்கேயே இல்லறம் நடத்தி, கணவர் மறைந்தபின் மகள் வீட்டுக்கு வந்தவர். வந்து ஆறாண்டுகள் ஆகின்றன. அன்புக்குக் குறைவில்லை. எனினும் எப்போது உண்பது, எப்போது விளக்கணைப்பது, தொலைக்காட்சியில் எதைப் பார்ப்பது என்பவையெல்லாம் அலுவலகம் செல்வோரின் நேரத்தை ஒட்டியே முடிவாகும். அவரது விருப்பம் ஒன்றே சட்டமாக நின்ற இடம் ஊறுகாய் ஜாடி.

அதற்கான கொள்முதல் சனிக்கிழமைகளில் காந்தி பஜாரில் நடக்கும். 1898ஆம் ஆண்டுப் பிளேக் நோய்க்குப்பின் நகரம் தெற்கே விரிந்தபோது வளர்ந்த பகுதி பசவனகுடி. அதன் கடைத்தெரு இது. தொடக்கத்தில் அங்கே அவருக்கு மொழி கைகொடுக்கவில்லை. அவரைக்காய் கேட்டார், மொச்சைக்காய் கிடைத்தது. கன்னடத்தில் அவரேகாயி என்பது உரித்து விதையை எடுத்துச் சமைக்கும் காய். தமிழர் நறுக்கிப் பொரியல் செய்யும் தட்டைக் காய்க்கு அங்கே சப்பரதவரே என்று பெயர். ஒலி ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருக்கும் இத்தகைய சொற்களே அண்டைமொழியில் ஆளை அதிகம் ஏமாற்றுவன. அன்று தலைச்சுமையாய்த் தோன்றிய அந்த மொச்சை, மறுநாள் குழம்பாகி வீட்டார் பாராட்டைப் பெற்றது. அடுத்த மார்கழியில் அவரே அதைத் தேடி வாங்கினார்.

ஊறுகாயில் மட்டும் அவர் எளிதில் இறங்கி வரவில்லை. மாவடு காம்போடு இருக்கவேண்டும்; விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பும் மஞ்சளும் மிளகாயும் கடுகும் சேர்த்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல், தன் நீரிலேயே ஊறவேண்டும். கடைத்தெருவில் கிடைத்ததோ மலைநாட்டு அப்பேமிடி. மிடி என்றால் பிஞ்சு. சிர்சி, சாகரப் பக்கத்து ஆற்றோர மரங்களில் காய்ப்பது, மணத்துக்குப் பேர்போனது. முதலாண்டு அதை முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டார். மூன்றாம் ஆண்டு, கடைக்காரப் பெண்மணி காம்பு ஒடிந்த பிஞ்சுகளைத் தாமாகவே ஒதுக்குவதைக் கண்டார். காம்பைப் பார்த்து வாங்குபவர் தம்மினம் என்ற முடிவுக்கு வந்தார் போலும். அன்று அரைக் கிலோ வாங்கினார். அதன்பின் அடுக்களையில் இரண்டு ஜாடிகள்.

சென்ற கோடையில் மருத்துவர் அவரது இரத்த அழுத்தத்தைப் பார்த்து உப்பைக் குறைக்கச் சொன்னார். நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்கும் குறைவாகவே உப்பு உண்ணவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மகள் அன்றே இரண்டு ஜாடிகளையும் பரணில் ஏற்றினார்.

“வேண்டாம் என்றது உப்பினகாயைத்தானே? நம் சொல்லில் உப்பே கிடையாதே” என்றார் மூதாட்டி. வீடு சிரித்தது, ஜாடி இறங்கவில்லை. சொல்லில் இல்லாவிட்டாலும் காயில் உப்பு உண்டு. காயின் நீரை வெளியே இழுத்து, அழுகச் செய்யும் நுண்ணுயிர்களை வளரவிடாமல் தடுப்பது உப்புதான். அதை அவரும் அறிவார். அதன்பின் அதுபற்றி அவர் பேசவில்லை. தயிர்ச்சோற்றில் இரண்டு கவளம் உண்டு எழுந்துவிடும் வழக்கம் மட்டும் வந்தது.

பேத்தி கல்லூரி மாணவி. பாட்டிக்கு மாற்றாகக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து கோல்ஸ்லா எடுத்துவந்தாள். டச்சு மொழியின் கூல்ஸ்லா அது. கூல் என்றால் கோசு, ஸ்லா என்றால் சாலட். நம் முட்டைக்கோசின் கோசு போர்ச்சுகீசிய வழியில் வந்தது என்பர். நூல்கோலின் கோல் டச்சு வழியில் வந்தது. மூன்றுக்கும் மூலம் தண்டு எனப் பொருள்படும் இலத்தீன் சொல். பெயர்கள் உறவினராயினும் நாக்கு ஏற்கவேண்டுமே. ஒரு கரண்டி சுவைத்த பாட்டி, “இது கோசம்பரிதான், தாளிக்க மறந்துவிட்டார்கள்” என்றார்.

பேத்தி அந்த டப்பாவின் அச்செழுத்தைப் படித்தபோதுதான் வழக்கு திரும்பியது. அதில் சோடியம் இருந்தது. அருகிலிருந்த மயோனைஸிலும், தக்காளி சாஸிலும், சோயா சாஸிலும் இருந்தது. அவற்றை எவரும் பரணில் ஏற்றவில்லை. மருத்துவர் சொன்னது உப்பை. வீடு விலக்கியது ஊறுகாயை. செயலியில் மாதந்தோறும் வரவழைப்பவை வீட்டுத் தேவை என்றும், சனிக்கிழமை நடந்துபோய்த் தேர்ந்து வாங்குவது மூதாட்டியின் சபலம் என்றும், எவரும் வாய்விட்டுச் சொல்லாமலே ஒரு பாகுபாடு இருந்துவந்தது. ஒரு குடும்பத்தில் எவருடைய சுவை விருப்பம் எனப்படுகிறது, எவருடையது கெட்ட பழக்கம் எனப்படுகிறது என்பதை நாக்கு முடிவு செய்வதில்லை. யார் வீடு என்பதே முடிவு செய்கிறது.

மகள் அன்றிரவு நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை மருத்துவரிடமே தொலைபேசியில் கேட்டார். குழம்பிலும் பொரியலிலும் உப்பைக் குறைத்து, அப்பளத்தையும் சாஸையும் வீட்டார் அனைவரும் விட்டால், பாட்டிக்கு நாளொன்றுக்கு ஒரு சிறு வடு, நீரில் அலசி உண்ணலாம் என்று உடன்பாடானது. வறண்ட கோல்ஸ்லாவுக்குப் பதில் கோசும் வெள்ளரியும் ஊறிய பாசிப்பருப்பும் எலுமிச்சையும் சேர்ந்த கோசம்பரி வந்தது. கடுகு தாளிப்பது பேத்தி.

இப்போது மாதப் பட்டியல் செயலியில் போகும்போது ஊறுகாய் என்ற ஒன்றை மட்டும் மகள் சேர்ப்பதில்லை. அது சனிக்கிழமைக்கு உரியது. சென்ற வாரம் இருவரும் சேர்ந்தே காந்தி பஜாருக்குப் போனார்கள். மகள் பையைப் பிடித்துக்கொண்டு நிற்க, தாய் ஒவ்வொரு பிஞ்சாக எடுத்துக் காம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.