அந்த ஃபைலை எங்கே வெச்சீங்க?

எந்த ஆபீஸ் கம்ப்யூட்டரை வேண்டுமானாலும் திறந்து பாருங்கள். 'கொட்டேஷன்', 'கொட்டேஷன் புதுசு', 'கொட்டேஷன் ஃபைனல்', 'கொட்டேஷன் ஃபைனல் இதுதான்' என்று வரிசையாக நாலு கோப்பு இருக்கும். இதில் பார்ட்டிக்குப் போனது எது என்று கேட்டால் அனுப்பியவரே தலையைச் சொறிவார். பல நேரம் அது இந்த நாலிலும் இருக்காது. அவருடைய மெயிலில் ஐந்தாவதாக ஒன்று இருக்கும் :-)

இந்தக் கூத்தை ஒழிக்கவென்றே வந்தவைதான் ஆவண மேலாண்மை மென்பொருள்கள். 1990-ல் தொடங்கிய டாக்குமெண்டம், 2001-ல் வந்த மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயிண்ட், 2005-ல் தொடங்கிய ஆல்ஃப்ரெஸ்கோ என்று இதில் நிறைய உண்டு. அடிப்படை எல்லாவற்றிலும் ஒன்றுதான், நம்ம ஊர் நூலகம் மாதிரி. ஒரு கோப்பை நீங்கள் திருத்த எடுத்தால் உங்கள் பெயரில் பூட்டு விழும். திருப்பி வைக்கும் வரை அடுத்தவர் படிக்கலாம், கை வைக்க முடியாது. வைத்ததும் அது புதிய பதிப்பாகச் சேரும், பழையதும் அழியாமல் அடியில் கிடக்கும். யார் எப்போது திறந்தார் என்பதும் பதிவாகிவிடும். (இந்தக் கடைசி சமாச்சாரத்தால் டீ டைமில் கிளம்பும் வம்புகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.)

நான் படிப்பது பி.காம் சி.ஏ. போன வருடம் கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையின் நிர்வாக அலுவலகத்தில் இரண்டு மாதம் பயிற்சிக்குப் போயிருந்தேன். அங்கே இப்படி ஒரு மென்பொருளைப் போட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. பழைய லெட்ஜர், மஸ்டர் ரோல், ஆள் சேர்ப்பு ஃபைல் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டார்கள். ஸ்கேன் முடிந்ததும் கரையான் அரித்த காகிதங்களை எடைக்குப் போட்டாயிற்று. அலமாரி காலி, அறை பளிச். மேனேஜருக்கு ஒரே பெருமை.

உள்ளே போய்ப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். ஸ்கேன் வேலையைக் கான்ட்ராக்டில் விட்டிருக்கிறார்கள், பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. பக்கத்துக்குக் கூலி என்றால் தலைப்பு அடிக்க எவன் மெனக்கெடுவான்? மெஷின் கொடுத்த பெயர்தான் எல்லாவற்றுக்கும். 'ஸ்கேன் 0417', 'ஸ்கேன் 0418'... இப்படியே போகும். ஆபீஸ்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. புதிதாக ஒன்றை ஏற்றும்போது தலைப்பு, துறை, ஆண்டு, பொருள், குறிச்சொல் என்று ஐந்து கட்டத்தை நிரப்பியாக வேண்டும், இல்லையென்றால் மென்பொருள் விடாது. நம் ஆட்கள் ஐந்திலும் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்த ஆணியைப் பிடுங்கப் போய்விடுவார்கள். ஒரு தேடலில் புள்ளி என்று மட்டும் அடித்துப் பார்க்க ஆசைதான்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகத்தான் எனக்கும் இருந்தது, அந்த அம்மா வரும் வரை.

அவர் ஸ்பின்னிங்கில் சைடராக இருந்தவர். 1997-ல் சேர்ந்து 2001-ல் நின்று, ஒரு வருடம் கழித்து மறுபடி சேர்ந்து 2009 வரை வேலை பார்த்திருக்கிறார். இப்போது 58 முடிந்துவிட்டது, பென்ஷனுக்கு எழுதிப் போட வேண்டும். 1995-ம் வருடத்து ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் மாதப் பென்ஷன் வாங்கக் குறைந்தது 10 ஆண்டு சேவை வேண்டும். அதற்குக் கீழே என்றால் ஒரு தொகையைக் கையில் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள். இரண்டு தடவை சேர்ந்ததால் அவருக்கு இரண்டு பி.எஃப். எண். கையில் இருந்தது இரண்டாவது எண் மட்டும். அதன்படி ஏழு வருடம்தான். முதல் கணக்கில் அவர் பணம் எடுக்கவே இல்லை. அந்த எண் கிடைத்தால் நாலும் ஏழும் பதினொன்று. குறைந்தபட்சப் பென்ஷன் 2014-லிருந்து மாதம் 1,000 ரூபாய். நமக்கு அது ஒரு நெட் பேக் காசு, அவருக்கு மாதா மாதம் மாத்திரைக்கு ஆகிறது.

"கண்ணு, கம்ப்யூட்டர்ல எல்லாம் ஏத்தியாச்சுன்னு சொன்னாங்களே, அதுல எம்பேரு இருக்குமுல்ல?" என்று கேட்டார்.

தேடினேன். பூஜ்யம். ஊர்ப் பெயர், டிபார்ட்மெண்ட், வருடம் என்று மாற்றி மாற்றிப் போட்டும் பூஜ்யம். ஸ்கேன் பக்கங்கள் வெறும் படங்கள். படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் போன்ற மென்பொருள்கள் (எச்.பி. நிறுவனத்தில் உருவாகி 2005-ல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது அது) அச்சடித்த தமிழை ஓரளவு படித்துவிடும். மை ஊறிப்போன கையெழுத்து லெட்ஜர் அதற்கு வெறும் கிறுக்கல்தான். ஒவ்வொரு படமாகத் திறந்து பார்க்க ஆரம்பித்தேன். ஒரு நாள் முழுக்கப் பார்த்தும் 1997-ஐத் தாண்டவில்லை.

மறுநாள் டைம் ஆபீஸ் அண்ணா ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முப்பது வருடச் சர்வீஸ். "ஏந் தம்பி, ஆளு நிக்கும்போது கணக்கு முடிச்சு லெட்டர் குடுப்பமே, அதுல பி.எஃப். நம்பர் இருக்குமே" என்றார். அந்த லெட்டரெல்லாம் எங்கே என்று கேட்டேன். பழைய கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் மொத்தமாக இதற்குள் கொட்டிவிட்டதாகவும், அந்தக் காலத்தில் எல்லாமே பாமினியில்தான் அடித்தார்கள் என்றும் சொன்னார்.

பாமினி என்றதும் எனக்குப் பொறி தட்டியது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒருங்குறி வருவதற்கு முன் தமிழ் எழுத்துருக்கள் ஒரு வேஷம் போட்டன. கணினிக்குள் பதிவாவது ஆங்கில எழுத்துதான், திரையில் மட்டும் அதற்குத் தமிழ் உருவம். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். மனிதக் கண்ணுக்கு அது அம்மா. தேடுகிற மென்பொருளுக்கு அது அர்த்தமில்லாத ஐந்து குறிகள். நான் ஒருங்குறியில் அடித்துத் தேடினால் இந்த ஜென்மத்தில் கிடைக்காது. தமிழக அரசு ஒருங்குறியையும் டேஸ் 16-ஐயும் தரமாக ஏற்றது 2010-ல்தான். அதற்கு முன் நாடு முழுக்க அடித்துத் தள்ளிய தமிழ்க் கோப்புகள் எத்தனை ஆபீஸ்களில் இப்படி ஊமையாகக் கிடக்கின்றனவோ.

அந்த அம்மாவின் பெயரை ஓர் எழுத்துரு மாற்றியில் போட்டுப் பாமினிக்கு மாற்றினேன். வந்த கிறுக்கலைத் தேடல் பெட்டியில் ஒட்டினேன். மறுபடியும் பூஜ்யம்! நடுவில் வரும் அரைப்புள்ளியைப் பார்த்ததும் மென்பொருள் பெயரை இரண்டாக வெட்டிவிடுகிறது. மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினேன். மூன்று கடிதங்கள் வந்தன. இரண்டு வேறு யாருக்கோ. மூன்றாவது 2001-ல் கணக்கு முடித்த கடிதம். அதில் இரண்டாவது வரியில் பி.எஃப். எண்.

டைம் ஆபீஸ் அண்ணா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் இரண்டு டீ சொல்லிவிட்டு வந்தார்.

இதே விஷயத்தைத் தாலுகா ஆபீஸில் நூறு வருடப் பழக்கமாகக் காகிதத்திலேயே சமாளித்திருக்கிறார்கள் என்பது எனக்கு ஆச்சரியம். அங்கிருந்து வரும் கடிதத்தின் தலையில் ந.க. எண் இருக்கும். ஒவ்வொரு உதவியாளருக்கும் ஒரு தன்பதிவேடு. வந்த தபால் ஒவ்வொன்றும் என்ன பொருள், யாரிடம் இருக்கிறது என்று அதில் ஏறியாக வேண்டும். ஃபைலை முடிக்கும்போதே மூன்று வருடம் வைப்பதா, பத்து வருடமா என்று மூ.மு., ப.மு. போட்டுவிடுவார்கள். மெதுவானதுதான், நம்மை அலைய விடுவதுதான். ஆனால் எழுதுகிறவருக்கு அது என்ன காகிதம் என்று தெரிந்திருக்கும். என்.ஐ.சி. உருவாக்கிய இ-ஆபீஸும் கிட்டத்தட்ட அதே நடைமுறையைத்தான் திரைக்குக் கொண்டுவந்திருக்கிறது. எங்கள் மில்லில் வாங்கியது அதைவிட வசதியான மென்பொருள்தான். உள்ளே போவது என்ன என்று எழுதத்தான் ஆள் போடவில்லை.

அந்தக் கடிதத்தின் நகலோடு சேவைச் சான்று தயாராகி, இரண்டு எண்ணையும் சேர்க்கச் சொல்லி விண்ணப்பம் போயிற்று. மேனேஜர் ஐந்து கட்டத்தை இரண்டாகக் குறைத்தார், யாருடையது, எதைப் பற்றியது என்று. புள்ளி வைத்தால் ஏற்காதபடியும் செய்யச் சொன்னார். இப்போது சிலர் இரண்டு புள்ளி வைக்கிறார்கள்.

பழைய பாமினிக் கடிதங்களை ஒருங்குறிக்கு மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. நான் கிளம்பும் நாளில் 2004 வரை முடித்திருந்தேன். மீதியை அடுத்து வருகிற பயிற்சி மாணவர் பார்த்துக்கொள்வார் என்று மேனேஜர் சொன்னார். வரப்போகிறவர் என் ஜூனியர் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன் தம்பி, மாற்றியில் 'பாமினி' என்று தேர்ந்தெடு. 2006-க்கு மேல் சிலது வேறு எழுத்துரு, அதை டைம் ஆபீஸ் அண்ணாவிடம் கேட்டுக்கொள்.