நாம் எண்ணாத வழி

நம்மைச் சரித்திர ஆசிரியராகவே அறிந்த மாணவ நண்பர்கள், நாம் நான்காண்டு ஏர் பிடித்து உழுதோம் என்பதை அறியார்.

கல்லூரியில் கணிதம் பயின்ற இரண்டாம் ஆண்டில் தந்தையார் காலமாயினர். வீட்டில் இளையோர் மூவர். ஆதலின் புத்தகங்களைக் கட்டிவைத்து வயலில் இறங்கினோம். கன்னிப்பூவும் கும்பப்பூவுமே நமக்குப் பரீட்சைகளாயின. மனம் மட்டும் ஆறவில்லை.

அந்நாளில் நெல் விற்ற பணம் பெறத் தக்கலைக்குச் சென்றபோது, அருகிலுள்ள உதயகிரிக் கோட்டையில் டிலனாயின் கல்லறையைக் கண்டோம். டச்சுக் கம்பெனிப் படைத்தலைவருள் ஒருவரான அவர், 1741இல் குளச்சற் போரில் மார்த்தாண்ட வர்மரிடம் சிறைப்பட்டவர். பின்னர் அம்மன்னருக்கே படை பயிற்றி, ‘வலிய கப்பித்தான்’ எனப் பெயர் பெற்று, 1777இல் இம்மண்ணிலேயே மறைந்தவர். கல்லறையில் இலத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டிருந்தது. சிறைப்பட்ட நாளில் தம் வாழ்வு முடிந்ததென்றே அவரும் எண்ணியிருப்பாரன்றோ என நினைந்து நெடுநேரம் நின்றோம்.

அவரைப்பற்றி அறியும் வேட்கையால், இரவுதோறும் சரித்திர நூல்களை இரவல் வாங்கிப் படித்தோம். தம்பி வயலைப் பொறுப்பேற்றதும் மீண்டும் கல்லூரி புகுந்தோம். கணிதம் பயிலவன்று, சரித்திரம் பயில.

குடும்பநிலையால் படிப்பை இடையில் விட நேருமோ எனக் கலங்கும் மாணவர் எவரேனும் இருப்பின், இதனை அவர்பொருட்டே எழுதினோம்.