சாய்ந்த தென்னைகளின் ஊருக்கு

வங்கக் கடலில் புயல் உருவாகும்போது பெங்களூருவில் வாழும் நமக்குத் தெரிவதெல்லாம் மேகமூட்டமும் தூறலும் குளிரும் மட்டுமே. கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் நாம், ஸ்வெட்டரை அணிந்துகொண்டு வழக்கம்போல் வேலைக்குப் புறப்பட்டுவிடுகிறோம். ஆனால் நம்மில் பலருடைய வேர்கள் அந்தக் கடலோரத்தில்தான் இருக்கின்றன.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அன்று லிங்கராஜபுரத்திலுள்ள என் வீட்டிலிருந்து பேராவூரணிப் பக்கத்துச் சித்தப்பாவுக்குப் பலமுறை தொலைபேசியில் அழைத்தேன். மணி ஒலிக்கவே இல்லை. நான்காம் நாள்தான் அவர் குரல் கேட்டது. "உயிருக்கு ஒன்றுமில்லை தம்பி. மரந்தான் போய்விட்டது" என்றார்.

டிசம்பரில் மயிலாடுதுறை விரைவு இரயிலில் தஞ்சாவூர் சென்று, அங்கிருந்து பேருந்தில் பட்டுக்கோட்டை வழியாகப் பேராவூரணிக்குப் போனேன். எப்போதும் தென்னை நிழலில் செல்லும் அந்தச் சாலையில் அன்று வெறும் வெயிலே இருந்தது. இருபுறமும் மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. நின்றவற்றில் பலவும் தலை முறிந்திருந்தன. பல மாவட்டங்களிலுமாக ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்திருந்ததால், எங்கள் ஊருக்கு இன்னும் மின்சாரம் வரவில்லை.

நெல் போய்த் தென்னை வந்த கதை

அந்த மண் முன்பு நெல் விளைந்த மண். மேட்டூர் அணை கட்டப்பட்ட 1934-ஆம் ஆண்டையொட்டி வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாய், பட்டுக்கோட்டைப் பகுதிக்குக் காவிரி நீரைக் கொண்டுசென்றது. நாம் பெங்களூருவில் குழாயில் பிடிக்கும் அதே காவிரிதான். ஆனால் கடைமடைக்குத் தண்ணீர் வருவது நிச்சயமற்றுப்போகவே, பலர் ஆழ்துளைக் கிணறு போட்டுத் தென்னைக்கு மாறினார்கள். நெல் ஓர் ஆண்டுக் கணக்கு. தென்னையோ ஒரு தலைமுறைக் கணக்கு. மகளின் திருமணமும் மகனின் படிப்பும் முதுமைக் கால மருந்தும் அந்த மரங்களை நம்பியே இருந்தன.

சித்தப்பாவின் இரண்டு ஏக்கரில் 140 மரங்கள் இருந்தன, 120 விழுந்துவிட்டன. அரசு மரம் ஒன்றுக்கு 600 ரூபாய் இழப்பீடும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்தது. ஆக 1,32,000 ரூபாய். அறுப்புக் கூலியும் இயந்திர வாடகையும் கொடுத்து நிலத்தைச் சுத்தம் செய்ததில் பெரும்பகுதி கரைந்தது. விழுந்த மரத்தை வாங்குவாரில்லை.

நிலமில்லாதவர்களின் நிலை இன்னும் கடினம். மரம் ஏறிக் காய் பறித்தவர், மட்டை உரித்தவர், கீற்று முடைந்த பெண்கள், கொப்பரைக் களத்திலும் கயிறு ஆலையிலும் கூலி வாங்கியவர்கள், லாரியில் பாரம் ஏற்றியவர்கள் என எல்லோருடைய பிழைப்பும் ஒரே இரவில் நின்றது. இவர்கள் பெயரில் மரம் இல்லாததால், மரத்துக்குக் கிடைத்த பணமும் இல்லை. ஆனால் குழுக்கடனின் வாரத் தவணை மட்டும் நிற்கவில்லை. தவணை நாளில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்ததைப் பக்கத்து வீட்டுப் பெண் சொன்னபோது, அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

தென்னைக்குக் காப்பீடு இல்லையா என்று சித்தப்பாவிடம் கேட்டேன். தென்னை வளர்ச்சி வாரியத்தின் காப்பீட்டுத் திட்டத்தில், 16 முதல் 60 வயது வரையுள்ள மரத்துக்கு அப்போது ஆண்டு பிரீமியம் 14 ரூபாய். அதிலும் விவசாயி கட்டவேண்டியது கால் பங்குதான். இழப்பீடு 1,750 ரூபாய். அவர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. படித்து நகரத்துக்கு வந்த நானும் அதுவரை விசாரித்ததில்லை என்பதே என்னை உறுத்தியது.

திரும்பி வந்த இரயில்

நான் திரும்பியபோது சித்தப்பாவின் மகன் என்னுடன் வந்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு; கட்டணம் கட்ட வழியில்லை. பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. 2019-இல் அவன் அனுப்பிய பணத்தில்தான் புதிய கன்றுகள் நடப்பட்டன. படிப்பை அவன் மீண்டும் தொடரவில்லை.

அண்மையில் ஊருக்குச் சென்றிருந்தேன். நெட்டை இரகம் காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். சில மரங்களில் முதல் பாளை வெடித்திருந்தது. சித்தப்பா தடவிக் காட்டினார். பிறகு மெதுவாக, "தம்பி இனி இங்கே வருவானா?" என்று கேட்டார். அவனுக்கு இப்போது இங்கே குடும்பம் இருக்கிறது. குழந்தை கன்னடமும் பேசுகிறது. என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

காற்று அடித்தது சில மணி நேரம். மரம் திரும்பி வர ஏழு ஆண்டுகள் ஆயின. போன பிள்ளை திரும்புவானா என்பது இன்னும் தெரியவில்லை. ஆகவே அன்பானவர்களே, அடுத்த புயலின்போது "நலமா?" என்று கேட்டதோடு நிறுத்திவிடாதீர்கள். மரம் எத்தனை நிற்கிறது, தவணை எவ்வளவு பாக்கி, பிள்ளையின் கட்டணம் கட்டியாயிற்றா என்றும் கேளுங்கள். புயல் வராத நாளிலேயே ஊரிலுள்ள தோட்டத்துக்குக் காப்பீடு உண்டா என்று விசாரியுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.